மெயின் ஒன்று போதும்: விருத்தாசலத்து நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

விருத்தாசலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இரண்டு பேராக, நான்கு பேராகச் சேர்ந்து மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு,

செராமிக் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. ஃப்யூஸ் கேரியரும் பொம்மையும் பீங்கான் அகலும் செய்யும் பட்டறைகள், அவற்றை வாங்கி விற்கும் கடைகள், லாரி புக்கிங் ஆபீஸ்கள் என்று எல்லோருக்கும் பில் போடவும் சரக்குக் கணக்கு வைக்கவும் கூலி கணக்கிடவும் மென்பொருள் தேவைப்படுகிறது. அதை எழுதிக்கொடுக்கிறவர்கள் இதே ஊரில் இருக்கிறீர்கள். சென்னைக்கு ரயிலேறினால்தான் இந்த வேலை என்ற நிலை மாறி நாளாகிவிட்டது. 2011-லேயே ஜோஹோ தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்துவிட்டது. ஆகவே சிறிய ஊர், சிறிய குழு என்பதைக் குறையாக நினைத்து இதை எழுதவில்லை. பேச வந்தது ஒரே விஷயம்: பலர் சேர்ந்து எழுதும் கோடை எப்படிப் பகிர்வது, யார் எப்போது எதில் சேர்ப்பது. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பேருக்குக் குறைந்த குழுவுக்கு, எந்த நேரமும் ஓடும் நிலையில் இருக்கிற ஒரே ஒரு மெயின் பிராஞ்ச் போதும். அதிலிருந்து பிரிகிற எந்தப் பிராஞ்சும் ஓரிரு நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. இன்னொருவர் கண்ணில் படாமல் எதுவும் மெயினுக்குள் போகக் கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

சிறு குழுக்களில் பொதுவாக இரண்டு பழக்கங்களைப் பார்க்கலாம். ஒன்று, கிட் (Git) என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியே இல்லாத பழக்கம். கோட் ஜிப் ஆகி வாட்ஸப்பில் போகும். அதன் பெயர் முதலில் ‘பில்லிங் ஃபைனல்’, பிறகு ‘பில்லிங் ஃபைனல் புதுசு’, பிறகு ‘ஃபைனல் சரியானது’. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரிலும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட ஒரு பிரதி ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண நாளில் இது தொந்தரவாகவே தெரியாது. தொந்தரவு தெரிகிற நாள் எப்படி இருக்கும் என்பதற்கு 2025 செப்டம்பர் 22 நல்ல சாட்சி. அன்றுதான் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் நீக்கப்பட்டு, முதலாவதில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5-க்கும், இரண்டாவதில் இருந்தவற்றில் பெரும்பாலானவை 18-க்கும் வந்தன. விகிதத்தை மாற்றுவது ஒரு வரி வேலைதான். ஆனால் பில் எந்தத் தேதியில் போடப்பட்டதோ அந்தத் தேதியின் விகிதத்தில்தான் அது மறுபடி அச்சாக வேண்டும். 21-ஆம் தேதி பில்லைத் திரும்ப எடுத்தால் பழைய வரி, 22-ஆம் தேதியிலிருந்து புதிய வரி. விகிதத்தை ஒரே இடத்தில் எழுதிவைத்திருந்த பிரதி எது, பத்து இடத்தில் நேரடியாக 12 என்று தட்டி வைத்திருந்த பிரதி எது, அந்தக் கடையில் ஓடுவது இரண்டில் எது? ஜிப் கோப்புகளின் குவியலிடம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஒரே ரெப்போவும் அதில் ஒழுங்கான கமிட்களும் இருந்தால், அந்தக் கடைக்குக் கொடுத்தது எந்த கமிட் என்று பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்.

இரண்டாவது பழக்கம் இதற்கு நேர் எதிர். யூடியூப் பாடம் ஒன்றைப் பார்த்து, மாஸ்டர் ஒன்று, டெவலப் ஒன்று, ஃபீச்சர் பல, ரிலீஸ் ஒன்று, ஹாட்ஃபிக்ஸ் ஒன்று என்று மூன்று பேர் உள்ள குழு ஐந்து வகைப் பிராஞ்ச் வைத்துக்கொள்வது. இந்த ஏற்பாட்டுக்கு ஊர்பேர் உண்டு. வின்சென்ட் டிரீசன் என்ற நெதர்லாந்து நிரலாளர் 2010 ஜனவரியில் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. கிட்-ஃப்ளோ என்று உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் கட்டுரையில் இருக்கும் பிராஞ்ச் வரைபடத்தைப் பார்க்காத கணினி மாணவர் அபூர்வம். ஆனால் அதே டிரீசன் 2020 மார்ச்சில் தன் கட்டுரையின் தலையில் ஒரு குறிப்பு சேர்த்ததைப் படித்தவர்கள் குறைவு. இணையத்தில் ஓடுகிற, தொடர்ந்து வெளியிடப்படுகிற மென்பொருளுக்குத் தன் முறை தேவையில்லை, எளிமையான முறை ஒன்றைப் பாருங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். ஒரே சமயத்தில் பல பதிப்புகளை வெளியில் வைத்துப் பராமரிக்கிற மென்பொருளுக்கு அந்த முறை இன்றும் பொருந்தலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதை மறுக்க எனக்கும் காரணமில்லை. ஆனால் நம் குழுக்களில் எத்தனை பேர் மூன்று பதிப்பை ஒரே நேரத்தில் வாடிக்கையாளருக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம்?

இரண்டு பழக்கமும் எதிரெதிர் துருவம்போலத் தெரிந்தாலும் நோய் ஒன்றுதான். இரண்டிலுமே ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதோடு சேர வெகுநாள் ஆகிறது. பிரித்து வைக்கிற நாள் நீள நீள, சேர்க்கிற செலவு ஏறிக்கொண்டே போகும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, மெர்ஜ் செய்யும்போது கிட் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு பிராஞ்சும் கடைசியாகப் பிரிந்த பொது கமிட்டைக் கண்டுபிடித்து, அதோடு இரண்டையும் ஒப்பிடுகிறது. ஒருவர் மட்டும் மாற்றிய இடமென்றால் அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரே இடத்தை இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால் கையை விரித்துவிட்டு, கான்ஃப்ளிக்ட் என்று கோப்புக்குள்ளேயே கோணக்குறிகளால் அடையாளம் போட்டுக் காட்டுகிறது. பலரும் பயப்படுவது இந்தக் கான்ஃப்ளிக்டுக்குத்தான். என்னைக் கேட்டால் அது நல்ல விஷயம். குறைந்தது பிரச்சினை எங்கே என்று வாய்விட்டுச் சொல்கிறது. பயப்பட வேண்டியது கான்ஃப்ளிக்டே வராமல் சுத்தமாக மெர்ஜ் ஆகித் தப்பாக ஓடும் கோடுக்கு.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பில்லிங் மென்பொருளில் தொகையை ஃப்ளோட் எண்ணாக வைத்திருந்ததால் பைசாக் கணக்கு இடறுகிறது. ஒருவர் தன் பிராஞ்சில் உட்கார்ந்து, எல்லாத் தொகையையும் பைசாவில் முழு எண்ணாக மாற்றுகிறார். 1,250 ரூபாய் 50 பைசா என்பது இனி 1,25,050. சரியான முடிவு, நிபுணர்கள் சொல்வதும் அதுதான். அதே வாரத்தில் இன்னொருவர் வேறு பிராஞ்சில், வேறு கோப்பில், 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 5 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு நிபந்தனை எழுதுகிறார்: மொத்தம் 10000-க்கு மேலா? இருவரும் ஒரே வரியைத் தொடவில்லை, ஒரே கோப்பைக்கூடத் தொடவில்லை. கிட் சத்தமில்லாமல் இரண்டையும் சேர்த்துவிடும். மறுநாள் காலையில் 100 ரூபாய் தாண்டுகிற ஒவ்வொரு பில்லுக்கும் கடை தள்ளுபடி கொடுக்க ஆரம்பிக்கும். முதலாமவரின் வேலை அன்று மாலையே மெயினுக்கு வந்திருந்தால், இரண்டாமவர் காலையில் புல் செய்தபோது தொகை பைசாவில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அந்த நிபந்தனையை எழுதியிருப்பார். இது திறமைக் குறைவால் வரும் பிழை இல்லை. இருவரும் தத்தம் பிராஞ்சில் சரியாகவே எழுதினார்கள். இடையில் கழிந்த நாட்கள்தான் பிழையை உண்டாக்கின. மெர்ஜ் கருவி எவ்வளவு தேறினாலும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் அது எழுத்தை ஒப்பிடுகிறதே ஒழிய அர்த்தத்தை ஒப்பிடுவதில்லை.

இதை வெறும் தர்க்கமாக ஏற்க வேண்டாம். நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் பல ஆண்டுகள் பல்லாயிரம் நிரலாளர்களிடம் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் ‘ஆக்ஸிலரேட்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். மென்பொருளை வேகமாகவும் பிழை குறைவாகவும் வெளியிடும் குழுக்களிடம் அவர்கள் கண்ட பொதுக் குணங்களில் ஒன்று, எந்த நேரத்திலும் மூன்றுக்கும் குறைவான பிராஞ்ச், அவையும் ஒரு நாளுக்குள் மெயினில் சேர்ந்துவிடுவது. குழு பெரிதா சிறிதா, எந்தத் துறை என்பது இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை என்றும் கண்டார்கள். இது கருத்துக்கணிப்பை வைத்து வந்த முடிவு, ஆய்வுக்கூடத்தில் சோதித்ததல்ல. நன்றாக வேலை செய்கிற குழு என்பதால்தான் அவர்களால் அடிக்கடி சேர்க்க முடிகிறது என்று ஒருவர் திருப்பிக் கேட்கலாம், கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் மேலே பார்த்த பைசா உதாரணம் எந்தப் பக்கம் காரணம், எந்தப் பக்கம் விளைவு என்பதைக் காட்டுகிறது. அடிக்கடி சேர்த்தால் பிழைக்கு இடமே குறைகிறது.

லினக்ஸ் எத்தனையோ பிராஞ்ச் வைத்திருக்கிறதே, கிட்டையே லினக்ஸுக்காகத்தானே உருவாக்கினார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். அதுவரை கர்னல் குழு பயன்படுத்திய பிட்கீப்பரின் இலவச அனுமதி 2005 ஏப்ரலில் கைவிட்டுப் போனதால், லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களில் கிட்டின் முதல் வடிவத்தை எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்தார். கர்னலின் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கோட் இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள், வெவ்வேறு கம்பெனிக்காரர்கள். வலைக்கு ஒருவர், கோப்பு முறைமைக்கு ஒருவர் என்று பொறுப்பாளர்கள் இருந்து வடிகட்டினால்தான் அங்கே வேலை நடக்கும். ஒரே மேசையில் டீ குடிக்கிற நான்கு பேருக்கு அந்த வடிகட்டி எதற்கு? லினக்ஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: அவர்களுடைய கமிட் ஒவ்வொன்றும் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யும், ஏன் செய்தோம் என்பதைக் கூடவே எழுதிவைக்கும்.

அப்படியானால் நாள் எப்படி நகரும்? காலையில் மெயினைப் புல் செய்கிறீர்கள். அன்று முடிகிற அளவு ஒரு வேலையை எடுத்து, அதற்கொரு பிராஞ்ச் போடுகிறீர்கள். ‘பில் அச்சில் வாடிக்கையாளர் ஜிஎஸ்டி எண்’ என்பது ஒரு நாள் வேலை. ‘அறிக்கைகள் முழுவதும்’ என்பது ஒரு நாள் வேலை ஆகாது, அதை உடைக்க வேண்டும். எழுதி, ஓட்டிப் பார்த்து, புஷ் செய்து, புல் ரிக்வெஸ்ட் வைக்கிறீர்கள். இன்னொருவர் படித்துவிட்டு ஒன்று ஒப்புவார், இல்லையென்றால் கேள்வி கேட்பார். சேர்ந்ததும் பிராஞ்சை அழித்துவிடுவது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மெயினிலேயே ஒரு டேக். அவ்வளவுதான். மெயினுக்குள் நேரடியாகப் புஷ் செய்ய முடியாதபடி ரெப்போவின் அமைப்பிலேயே பூட்டிவிடலாம்; மனிதக் கட்டுப்பாட்டை நம்புவதைவிட அது நல்லது. கமிட் குறிப்பில் ‘அப்டேட்’, ‘சேஞ்சஸ்’ என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். என்ன மாறியது என்பதை கிட் தானே காட்டும். ஏன் மாறியது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், ஆறு மாதம் போனால் உங்களுக்கும் தெரியாது. பழைய பிழை ஒன்று எப்போது நுழைந்தது என்று தேடும் நாளில் இந்தச் சிறு கமிட்களின் அருமை புரியும். கிட் பைசெக்ட் என்ற கட்டளை பாதிப் பாதியாக வெட்டித் தேடுவதால் 1,000 கமிட்களுக்கு நடுவே இருக்கும் பிழையைப் பத்து முறை ஓட்டிப் பார்த்தாலே பிடித்துவிடலாம். ஆனால் பிடிபடும் கமிட்டில் 20 வரி இருந்தால்தான் பயன். 3,000 வரி இருந்தால் தேடல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

முதல் ஆட்சேபம்: வேலை ஒரு நாளில் முடியாது, பாதி வேலையை எப்படி மெயினில் விடுவது? பாதி வேலை உள்ளே இருக்கலாம், வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாது, அவ்வளவே. புதிய அறிக்கைப் பக்கம் முடிகிறவரை மெனுவில் அதற்கு இணைப்பு தராமல் விடலாம். அல்லது ஒரு சுவிட்ச் வைத்து அணைத்து வைக்கலாம். சுவிட்சை நான் தயக்கமில்லாமல் சிபாரிசு செய்யவில்லை, அதற்கும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்குத் தரகு நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய கோடை எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் ஏற்றியது. வருடக்கணக்கில் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வசதியின் சுவிட்சைப் புதிய வசதிக்கு மறுபடி எடுத்தாண்டிருந்தார்கள். எட்டாவது சர்வரில் அந்த சுவிட்ச் பழைய கோடை எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இதிலிருந்து சுவிட்சே வேண்டாம் என்று முடிவுகட்டத் தேவையில்லை. வேலை முடிந்த சுவிட்சையும் செத்த கோடையும் அதே வாரத்தில் நீக்க வேண்டும் என்பதும், ஓடுகிற எல்லா இடத்திலும் ஒரே கமிட்தான் ஓடுகிறதா என்று சரிபார்க்க வேண்டும் என்பதும்தான் பாடம். அழிக்கப் பயம் வேண்டாம். அழித்தது வரலாற்றில் இருக்கிறது. பழைய கோடைக் கமெண்ட் போட்டு அப்படியே வைத்திருப்பது கிட் இல்லாத காலத்துப் பழக்கம்.

இரண்டாவது ஆட்சேபம்: ரிவ்யூ செய்ய நேரம் எங்கே? நேரம் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், ரிவ்யூவுக்கு வருகிற மூட்டையின் பருமன். சிஸ்கோ நிறுவனத்தில் சுமார் 2,500 ரிவ்யூக்களை ஆராய்ந்து 2006-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, ஒரு அமர்வில் 200 முதல் 400 வரிக்கு மேல் படித்தால் பிழை பிடிக்கும் திறன் சரிகிறது என்று கண்டது. ஒரு நாள் வேலை பெரும்பாலும் அதற்குள் அடங்கும், ஒரே அமர்வில் படித்துவிடலாம். மூன்று வாரப் பிராஞ்சைத்தான் யாரும் படிக்க மாட்டார்கள். ‘சூப்பர்’ என்று கட்டைவிரலைத் தூக்கிவிட்டு மெர்ஜ் செய்துவிடுவார்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகத் திருத்திய பாதுகாப்புப் பிழை ஒன்று, ஒரே வரி இரண்டு முறை அடுத்தடுத்து வந்ததால் உண்டானது. மாற்றத்தை மட்டும் தனியே விரித்துப் படிக்கிற யாருக்கும் கண்ணில் குத்தியிருக்கும். எதிர்ச்சாட்சியும் உண்டு: அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை ரிவ்யூ செய்யப்பட்ட கோடில்தான் இருந்தது. ரிவ்யூ எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்காத பிழை இருந்தாலும், அந்தக் கோடைத் தெரிந்தவர்கள் ஒருவருக்கு இருவராக ஆகிவிடுகிறார்கள். எழுதியவர் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போன மறுநாள் இந்த லாபம் தெரியும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தயக்கத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சிறு ஊர்க் குழுவில் மூத்தவர் பெரும்பாலும் அண்ணன் முறை. ஒரே தெரு, ஒரே கல்லூரி சீனியர், சில இடங்களில் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ‘அண்ணன் எழுதினதுல நான் என்ன குறை சொல்றது’ என்று தம்பி பார்க்காமலே ஒப்புவார். தம்பி எழுதியதில் அண்ணன் இருபது குறை சொல்லி, தம்பிக்கு மனம் விட்டுப்போகும். வழி இருக்கிறது. அண்ணனின் கோடும் ரிவ்யூ இல்லாமல் போகாது என்பதை அண்ணனே விதியாக வைக்க வேண்டும். குறை என்று எழுதாமல் கேள்வியாக எழுத வேண்டும். ‘அண்ணா, இந்த மொத்தம் ரூபாயிலா பைசாவிலா?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அந்த ஒரு கேள்வி மேலே சொன்ன தள்ளுபடிப் பிழையைப் பிடித்திருக்கும். இடைவெளி, அடைப்புக்குறி எங்கே வர வேண்டும் என்ற சண்டையையெல்லாம் ஃபார்மேட்டர் கருவியிடம் விட்டுவிடுங்கள், அதில் அண்ணன் தம்பி கிடையாது.

மூன்றாவது, கொஞ்சம் கனமான ஆட்சேபம்: ஒரே மெயினில் எல்லாவற்றையும் போட்டால், யாரோ ஒருவர் வேண்டுமென்றே கெடுத்தால் எல்லாமே கெட்டுப்போகாதா? இதற்குப் பதில் இந்த ஊரின் கதை ஒன்றிலேயே இருக்கிறது. சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று ஊரே கேலியாகச் சொல்லும். கதையின் இன்னொரு பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: போடுவதற்கு முன் அவர் அந்தப் பொன்னில் கொஞ்சம் மச்சம், அதாவது உரைத்துப் பார்க்க ஒரு மாதிரித் துண்டு, வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்ததை அதோடு உரைத்துப் பார்த்து, மாற்று குறைகிறது என்று கண்டுபிடித்தார். கிட் ஒவ்வொரு கமிட்டுக்கும் தருகிற நாற்பது எழுத்து ஹாஷ் அந்த மச்சம்தான். கோடின் உள்ளடக்கத்திலிருந்தும் அதற்கு முந்தைய கமிட்டின் ஹாஷிலிருந்தும் கணக்கிடப்படுவதால், பழைய வரலாற்றில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வரும் அத்தனை ஹாஷும் மாறிவிடும். யார் கையில் பழைய பிரதி இருந்தாலும் வித்தியாசம் உடனே தெரியும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2003 நவம்பரில், கிட் பிறப்பதற்கு முன், லினக்ஸ் கர்னலின் ஒரு நகல் ரெப்போவில் யாரோ இரண்டே வரியை நுழைத்தார்கள். சமமா என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒரே சமக்குறி. படிக்கிறவருக்குச் சாதாரணச் சோதனைபோலத் தெரியும், ஓடும்போது அழைத்தவருக்கு ரூட் அதிகாரத்தையே தூக்கிக் கொடுத்துவிடும். நகலில் இருந்த அந்த மாற்றம் மூல ரெப்போவில் எந்த ஒப்புதலோடும் பொருந்தாததால் பிடிபட்டது. 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் (xz) என்ற சுருக்குக் கருவியில் கண்ட புறவாசல் இன்னும் பக்கத்துப் பாடம். தீய கோடின் ஒரு பகுதி சோதனைக் கோப்புகளாக ரெப்போவிலேயே ஒளிந்திருந்தது. ஆனால் அதை எழுப்பிவிடும் கோப்பு கிட் வரலாற்றில் இல்லை, வெளியீட்டுக்கென்று கட்டிய பொதியில் மட்டும் இருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். கெடுத்தவர் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லவராக உழைத்து நம்பிக்கை சம்பாதித்துப் பராமரிப்பாளர் ஆனவர் என்பதால், ரிவ்யூவும் வரலாறும் இருந்தால் போதும் என்று நான் அளக்க முடியாது. ஆனால் வாடிக்கையாளருக்குப் போகிற பொதி ரெப்போவிலிருந்து நேரடியாகக் கட்டப்பட வேண்டும், யாருடைய லேப்டாப்பிலிருந்தும் ஜிப் ஆகிப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி தேவையில்லை.

கரண்டும் நெட்டும் போய்ப் போய் வருகிற ஊரில் இதெல்லாம் நடக்குமா என்பதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கமிட் செய்ய நெட் வேண்டாம். ரெப்போவின் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கிறது. நெட் வந்ததும் புஷ் செய்தால் போதும். கிட்ஹப் என்பது வெளிநாட்டுக் கம்பெனி, நாளை அது கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்ற கவலைக்கும் இதுவே பதில். 2019-ல் அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி ஈரான், சிரியா, கிரைமியாக்காரர்களின் கணக்குகளில் தனியார் ரெப்போக்களை அது முடக்கியது நடந்த கதைதான். கணினியில் பிரதி வைத்திருந்தவர்களுக்குக் கோட் தப்பியது. போனது புல் ரிக்வெஸ்டும் அதன் உரையாடலும். அதனால்தான் ‘ஏன்’ என்பதை உரையாடலில் மட்டும் விடாமல் கமிட் குறிப்பிலும் எழுதச் சொல்கிறேன்.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு இரண்டு சிறு விஷயம். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் கிட் ஸ்டேட்டஸ் அதை \340\256\225 என்று எண்களாகக் காட்டும். ‘க’ என்ற ஒரு எழுத்துக்கு இந்த மூன்று எண். கோப்பு கெட்டுவிட்டது என்று அலறாதீர்கள், core.quotepath என்ற அமைப்பை அணைத்தால் தமிழ் தமிழாகத் தெரியும். இரண்டாவது, ‘கொ’ என்ற எழுத்தை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டையும் கிட் வேறு வேறாகத்தான் பார்க்கும், மாறாத வரியை மாறியதாகக் காட்டும். குழுவில் எல்லோரும் ஒரே யூனிகோட் வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிச் சங்கதிகளையெல்லாம் கடந்து வந்த தமிழ்க் கோட் பொதுவெளியிலேயே இருக்கிறது: முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் நிரலகத்தின் கமிட் வரலாற்றைப் படித்தால், கண்டம் விட்டுக் கண்டம் இருப்பவர்கள் எப்படிச் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று தெரியும். கூடிப் பேச ஆள் வேண்டுமென்றால் நம் ரயில் பாதையிலேயே விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது.

ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒன்று. கையில் இருக்கும் ஜிப் குவியலையெல்லாம் வரிசைப்படுத்திப் பழைய வரலாற்றைக் கட்டி எழுப்ப முயலாதீர்கள். கோப்புத் தேதிகள் காப்பி செய்யும்போதே மாறியிருக்கும், ஒரு வாரம் வீணாகும். கடவுச்சொல்லும் வாடிக்கையாளர் தகவலும் இருக்கும் கோப்புகளை முதலிலேயே விலக்கிவிடுங்கள், வரலாற்றுக்குள் போன கடவுச்சொல் அழித்தாலும் அங்கேயே இருக்கும். முதல் கமிட்டாக எந்தப் பிரதியைப் போடுவது என்றுதான் சண்டை வரும். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் அழகான புதிய பிரதியைப் போடாதீர்கள். கடைக்குப் போய், அங்கே இன்று பில் போட்டுக்கொண்டிருக்கும் பிரதியை எடுத்து வந்து அதைப் போடுங்கள். பிறகு லேப்டாப் பிரதியை ஒரு பிராஞ்சாக வைத்து, வித்தியாசத்தை ஒவ்வொரு துண்டாக ரிவ்யூ செய்து உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் நடுவே எத்தனை வித்தியாசம் இருக்கிறது என்று பார்ப்பதே உங்கள் குழுவின் முதல் ரிவ்யூவாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு சக நிரலாளர்